வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை: நடக்கும் வழியை அளந்து சரிசெய்ய வைப்பது எப்படி

பெரியவர்களின் உடலுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மெட்ரோவுக்கோ எலெக்ட்ரிக் ட்ரெயினுக்கோ போக 15 நிமிட நடை, திரும்பி வர இன்னொரு 15 என்றால் ஐந்து வேலை நாளில் கணக்கு நேராகிவிடும். நிமிடத்துக்குச் சுமார் 100 எட்டு வைத்தால் போதும். அந்த வேகத்தில் பேச முடியும், பாட முடியாது.

15 நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் தாராளமாக நடக்கலாம். அந்த ஒரு கிலோமீட்டருக்கும் சென்னையில் பலர் ஷேர் ஆட்டோ ஏறுவதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். நடக்க வழி இல்லை. அதனால் முதலில் வழியை அளங்கள்.

5 மீட்டர் டேப், சாக்பீஸ், போன், கூட ஒரு ஆள் போதும். காலை எட்டரைக்கு ஒரு முறை, இருட்டிய பின் ஒரு முறை போக வேண்டும். காலையில் பார்க்கிங் தெரியும். எரியாத விளக்கு இரவில்தான் தெரியும்.

நடைபாதையின் மொத்த அகலத்தை அளப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. காம்பவுண்டு சுவருக்கும் மின்வாரிய பில்லர் பாக்ஸுக்கும் (தெருவோர மின் இணைப்புப் பெட்டி), மரத்துக்கும் நிறுத்திய பைக்குக்கும் நடுவே தடையில்லாமல் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். இந்தியச் சாலைப் பேரவையின் 2012 வழிகாட்டுதல்படி குடியிருப்புத் தெருவில் அது 1.8 மீட்டராவது இருக்க வேண்டும். 90 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சக்கர நாற்காலி நுழைவதே சிரமம்.

அடுத்தது நடைபாதையின் உயரம். சாலையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் வயதானவர்கள் ஏறமாட்டார்கள். தார் ரோட்டிலேயே நடப்பார்கள். கார் ஏற வீட்டு கேட்டுக்கு கேட்டு நடைபாதையை வெட்டிச் சரித்திருந்தால் அதையும் குறியுங்கள். சரிவு ஓரக்கல்லை ஒட்டி மட்டும் இருக்க வேண்டும், நடக்கும் பரப்பு மட்டமாகவே தொடர வேண்டும். இல்லையென்றால் பத்து வீட்டுக்குப் பத்து முறை ஏறி இறங்கணும். முட்டிவலிக்காரர் இரண்டாம் நாளே நடையை விட்டுவிடுவார்.

சிக்னலில் ரோட்டின் அகலத்தையும், நடப்பவருக்குப் பச்சை எரியும் விநாடிகளையும் குறியுங்கள். 18 மீட்டர் ரோட்டை விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 15 விநாடியில் கடப்பார். 0.8 மீட்டர் நடக்கும் பாட்டிக்கு 23 விநாடி ஆகும். நேரம் போதாவிட்டால் நேரத்தைக் கூட்டச் சொல்லுங்கள், அல்லது நடு மீடியனில் நின்று போக இடம் கேளுங்கள்.

வெயிலுக்கு ஒரு வழி: வடக்கு தெற்காகப் போகும் தெருவில் காலையில் கிழக்குப் பக்கமும் மாலையில் மேற்குப் பக்கமும் கட்டட நிழல் விழும்.

இனி புகார். சென்னை மாநகராட்சித் தெருவில் உடைந்த ஸ்லாப், ஆக்கிரமிப்பு, தெருவிளக்குக்கு 1913 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். பில்லர் பாக்ஸுக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. சிக்னல் நேரத்துக்குப் போக்குவரத்து போலீஸ். பெரிய சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கின்றன. விசாரித்துவிட்டு எழுதுங்கள், தவறான துறைக்குப் போன மனு அங்கேயே தூங்கும். "நடைபாதை சரியில்லை" என்ற மனுவும் அப்படித்தான். ஒரு மனுவில் ஒரே இடம்: கதவு எண், "மிஞ்சும் அகலம் 70 செ.மீ.", டேப் விரித்தபடி எடுத்த படம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முழுத் தெருவையும் மாற்ற வேண்டுமென்றால் கவுன்சிலரிடமும் வார்டு மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டத்திலும் எழுத்தில் கொடுங்கள். நடப்போருக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் தரும் கொள்கையை மாநகராட்சி 2014லேயே ஏற்றிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். 'இந்த நெரிசலில் முடியாது' என்றால், 2019இல் அகல நடைபாதையோடு திறந்த தி.நகர் பாண்டி பஜார் கடைவீதியைக் காட்டுங்கள்.

வேலை முடிந்ததும் அதே டேப்போடு அதே இடத்தை அளங்கள். வடிகால் மூடி நடைபாதையோடு மட்டமாக இருக்கிறதா என்று காலால் தடவிப் பாருங்கள். ஐப்பசி மழை முதலில் கொட்டும் நாளில் எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று படமெடுத்து, பழைய புகார் எண்ணோடு சேர்த்து அனுப்புங்கள்.