பெர்ட் வில்லியம்ஸின் மேடை வாழ்க்கை: எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மேடையில் புகழ்பெற்ற கறுப்பின நகைச்சுவை நடிகர் பெர்ட் வில்லியம்ஸைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும், இன்னொரு நகைச்சுவை நடிகரான டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் சொன்னது முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. தான் பார்த்தவர்களிலேயே அதிகம் சிரிக்க வைத்தவர் இவர், தான் அறிந்தவர்களிலேயே அதிகச் சோகம் நிறைந்தவரும் இவர்தான் என்றார் ஃபீல்ட்ஸ். கூட நடித்தவர் சொன்னது, அழகான வாசகம்தான். ஆனால் அதையே சாவியாக வைத்துக்கொண்டு மொத்த வாழ்க்கையையும் திறக்கப் பார்ப்பது நான் அடிக்கடி காணும் முதல் தவறு. அப்படி எழுதும்போது ஒரு பெரிய தொழில்காரர் காணாமல் போய், அழுகிற கோமாளி மட்டும் மிஞ்சுகிறார். நகைச்சுவை என்பது கற்றுத் தேற வேண்டிய வேலை என்று வில்லியம்ஸே எழுதியிருக்கிறார். அதை எப்படிக் கற்றார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அவர் பிறந்தது பஹாமாஸின் நாசோவில், 1874-இல். சிறுவயதிலேயே குடும்பம் அமெரிக்காவுக்கு வந்து, கடைசியில் கலிஃபோர்னியாவில் குடியேறியது. மேடையில் அவர் பேசிய தென் மாநிலக் கறுப்பர்களின் பேச்சைக் கேட்டுவிட்டு ‘பிறவியிலேயே வந்த பேச்சு’ என்று சிலர் எழுதுகிறார்கள். இது நேர்மாறு. அந்தப் பேச்சு தனக்கு இத்தாலியர் பேசும் ஆங்கிலத்தைப் போல அந்நியமாக இருந்தது, உட்கார்ந்து படித்துத்தான் பிடித்தேன் என்று சொன்னவர் அவர்.

அடுத்தது முகத்தில் பூசிய கரி. இங்கேதான் மிக அதிகமாகச் சறுக்குகிறோம். எரித்த தக்கையின் கரியைப் பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்தது வெள்ளையர் தொடங்கிய வழக்கம். பிறகு கறுப்பின நடிகர்களுக்கும் மேடை ஏற அதுவே நுழைவுச்சீட்டு ஆனது. வில்லியம்ஸ் கொஞ்சம் வெளிர் நிறத்தவர். ஆறடிக்கு மேல் உயரம், நிமிர்ந்த தோற்றம். அவர் கரி பூசி, சுருட்டை முடி மாட்டி, பொருந்தாத கோட்டும் பெரிய ஷூவும் அணிந்து, கால்களை இழுத்து இழுத்து நடந்து வந்தார். ‘கட்டாயப்படுத்தினார்கள், பாவம்’ என்று ஒரே வரியில் முடிப்பதும் தவறு, ‘காலம் அப்படி’ என்று கடந்து போவதும் தவறு. டெட்ராய்ட்டில் முதல்முறை கரி பூசிப் பாடிய இரவைப் பற்றி அவர் சொன்னது நெஞ்சைக் குடைகிறது: தன்னை வேறொரு ஆளாகப் பார்க்க முடிந்த பிறகுதான் தன் நகைச்சுவை வளர்ந்ததாம். அவமானத்தின் அடையாளமான ஒரு பூச்சுக்குள் ஒரு கலைஞன் தன்னைக் கண்டுபிடிக்கிறான். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான் எழுத வேண்டும். எது வலித்தாலும் சரி, ஒன்றை மட்டும் எடுக்கக் கூடாது.

அப்புறம், ஜார்ஜ் வாக்கரை ஓரத்தில் நிறுத்துவது. 1893-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் சந்தித்த இருவரும் பதினாறு ஆண்டுகள் ஜோடியாக ஆடினார்கள். தொடக்கத்தில் வாக்கர்தான் கோமாளி, வில்லியம்ஸ் பேச்சை எடுத்துக் கொடுப்பவர். மாற்றிப் பார்த்தபோதுதான் ஜோடி பிடித்துக்கொண்டது. வாக்கர் கரி பூசாமல், பளபளக்கும் உடையில் மிடுக்கனாக வந்தார். முதல்தர அரங்குகள்தான் வேண்டும் என்று வாதாடியவரும், பெரிய குழுவைக் கட்டி நடத்தியவரும் அவர்தான். அவர் மனைவி ஐடா ஓவர்ட்டன் வாக்கர் நடனங்களை அமைத்தார். 1909-இல் நோயால் வாக்கர் மேடையை விட்டபோது, கணவரின் உடையைப் போட்டுக்கொண்டு அவர் பாட்டைப் பாடி ஆடியவர் ஐடா. அவர் பெயர் இல்லாத வில்லியம்ஸ் கட்டுரையைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

‘முதல்’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. இந்த ஜோடியின் ‘இன் டஹோமி’ என்ற இசை நாடகம் 1903 பிப்ரவரியில் நியூயார்க் தியேட்டரில் அரங்கேறியது. வில் மரியன் குக் இசை, பால் லாரன்ஸ் டன்பர் பாடல்கள், ஜெஸ்ஸி ஷிப் எழுதிய கதை. அதைப் பிராட்வேயின் (நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பகுதி) முதல் கறுப்பின நிகழ்ச்சி என்று எழுதினால் 1898-இல் கசினோ தியேட்டரின் மொட்டைமாடியில் நடந்த குக்கின் ‘குளோரிண்டி’ அழிந்துபோகும். பிராட்வேயின் பெரிய அரங்கு ஒன்றுக்குள் கறுப்பினக் கலைஞர்களே எழுதி நடித்த முதல் முழுநீள இசை நாடகம் என்பதுதான் சரி. டஹோமி என்பது மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்த ஒரு நாடு; பெயரைப் பார்த்து முழுக்க ஆப்பிரிக்காவில் நடக்கும் கதை என்றும் நினைக்க வேண்டாம், பெரும்பகுதி பாஸ்டனிலும் ஃபுளோரிடாவிலும் நடக்கிறது. அதே ஆண்டு லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி தியேட்டரில் சுமார் ஏழு மாதம் ஓடியது. ஜூனில் பக்கிங்காம் அரண்மனையிலும் ஆடினார்கள். நியூயார்க்கிலோ கறுப்பினப் பார்வையாளர்களுக்கு மாடியில்தான் இடம். வில்லியம்ஸும் வாக்கரும் 1901-இல் இசைத்தட்டுக்குப் பாடியதையும் ‘முதல் கறுப்பினப் பதிவு’ என்பார்கள். ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன் 1890-லேயே பாடிப் பதிவு செய்துவிட்டார்.

நியூயார்க்கில் ஆண்டுதோறும் நடந்த ‘ஸீக்ஃபெல்ட் ஃபாலீஸ்’ என்ற பெரிய ஆடல் பாடல் நிகழ்ச்சியில் 1910-இல் சேர்ந்ததைத்தான் தொடக்கம் போல எழுதுவது இன்னொரு பழக்கம். வெள்ளையர் நிறைந்த அந்த நிகழ்ச்சியில் அவரைச் சேர்த்தபோது சக நடிகர்கள் எதிர்த்தார்கள், அவர் அங்கே பல ஆண்டுகள் நட்சத்திரமாக இருந்தார், எல்லாம் சரி. ஆனால் சொந்தக் குழு, சொந்த நாடகம் என்றிருந்தவர் இன்னொருவர் நிகழ்ச்சியில் சில நிமிடங்களுக்கு வந்துபோகிறவராக ஆனதும் அப்போதுதான். அது ஏற்றமா இறக்கமா என்று கேட்டால், இரண்டும் என்றுதான் சொல்வேன்.

கடைசியாக, பழைய பதிவைக் கேட்டுவிட்டு மேடையைத் தீர்ப்பிடுவது. ‘நோபடி’ பாட்டை அவர் 1906-இல் கொலம்பியா நிறுவனத்துக்குப் பதிவு செய்தார். அலெக்ஸ் ராஜர்ஸ் வரிகள், மெட்டு வில்லியம்ஸுடையது. பாதிப் பாட்டு, பாதிப் பேச்சு, இழுவை என்று கேட்பவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். மைக் இல்லாத காலம், புனல் போன்ற கருவிக்குள் பாட வேண்டும். அவர் விட்ட மௌனங்களில் முகமும் கையும் என்ன செய்தன என்பது மெழுகுருளையில் பதியாது. அதற்கு 1916-இல் வந்த ‘எ நேச்சுரல் பார்ன் கேம்ப்ளர்’ என்ற மௌனப் படத்தைப் பாருங்கள். மேடையில் பல ஆண்டுகள் ஆடிய சீட்டாட்டத்தை அதில் தனியாக ஆடுகிறார். கையில் சீட்டு கிடையாது, எதிரில் ஆளும் கிடையாது. கலைத்துப் போடுகிறார், நுனியை மட்டும் விரித்துப் பார்க்கிறார், பந்தயத்தை ஏற்றுகிறார், பக்கத்தில் இருப்பவனைச் சந்தேகமாக ஓரக்கண்ணால் பார்க்கிறார்.