கேயூ பட்டைக்கு ஒரு ஃபிராக்டல் ஆன்டெனாவை வடிவமைக்கும் முறை

கேயூ (Ku) பட்டை என்பது செயற்கைக்கோள் தொலைக்காட்சிக்குப் பயன்படும் நுண்ணலை அதிர்வெண் வரிசை; ஃபிராக்டல் என்பது ஒரே வடிவம் சிறிய அளவுகளில் திரும்பத் திரும்ப வரும் உருவம். செயற்கைக்கோள் தொலைக்காட்சியின் இறங்கு அலைகள் (செயற்கைக்கோளிலிருந்து பூமிக்கு வருபவை) 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரை பரவியிருப்பதால், ஆன்டெனாவுக்கு நடு அதிர்வெண்ணில் ஏறத்தாழ 17.5 விழுக்காடு பட்டையகலம் (அது வேலை செய்யும் அதிர்வெண் வீச்சு) தேவை; சாதாரணச் செப்புத் தகட்டு ஆன்டெனா இதை எட்டாது.

மின்காப்பு மாறிலி (மின்புலத்தில் பொருளின் தன்மையைக் குறிக்கும் எண்) 2.2, தடிமன் 1.575 மில்லிமீட்டர் கொண்ட மின்சுற்றுப் பலகையை எடுத்துக்கொண்டால், 11.7 கிகாஹெர்ட்ஸுக்கான செவ்வகத் தகடு ஏறக்குறைய 10.1 மி.மீ. அகலமும் 7.6 மி.மீ. நீளமும் கொண்டிருக்கும். இதன் விளிம்புகளில் கோக் வளைவை வரையுங்கள்; அதாவது, ஒவ்வொரு கோட்டையும் மூன்றாகப் பிரித்து, நடுத்துண்டுக்குப் பதிலாக முக்கோண முனை ஒன்றை அமைத்து, இதையே ஒவ்வொரு படியிலும் திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் விளிம்பின் நீளம் 4/3 மடங்காகி, மின்னோட்டப் பாதை நீள்வதால் ஒத்ததிர்வு (ஆன்டெனா மிக நன்றாக இயங்கும் அதிர்வெண்) கீழிறங்கும். அதை ஈடுசெய்யத் தகட்டைச் சிறிது சுருக்க வேண்டும். இரண்டு படிகளே போதும் என்பது என் கருத்து: மூன்றாம் படியில் அகலப்பக்கத்தின் ஒவ்வொரு துண்டும் 0.37 மி.மீ. ஆகிவிடும், வேதிப்பொருளால் செம்பைக் கரைத்து வடிவமைக்கும் அரிப்பு முறையில் அவ்வளவு நுண்ணிய வடிவத்தின் கூர்முனைகள் சற்று மழுங்கக்கூடும்.

வளைவு மட்டுமே பட்டையை அகலப்படுத்திவிடும் என்று எண்ண வேண்டாம். பலகையின் பின்புறத் தரைத்தளத்தை (அடியிலுள்ள செப்புப் படலத்தை) ஓரளவு வெட்டினால் பட்டை விரியும். ஆயினும் கதிர்வீச்சு பின்பக்கமும் கசியும். வானத்தில் ஒரே புள்ளியை நோக்கும் ஆன்டெனாவுக்கு இது பெருங்குறை என்பதால், கால் அலைநீளமான 6.4 மி.மீ. தொலைவில் ஓர் உலோகப் பிரதிபலிப்பானைப் பின்னால் பொருத்தி, எதிரொளிப்புக் குணகம் (ஆன்டெனா ஏற்காமல் திருப்பி அனுப்பும் அலையின் அளவு) பட்டை முழுவதும் மைனஸ் 10 டெசிபலுக்குக் கீழே நிற்கிறதா என்று கணினியில் உருவகப்படுத்திப் பாருங்கள்.