நிரலின் பெயர் தெரியும், பேக்கேஜின் பெயர் தெரியாது: லினக்ஸில் தேடிப் பிடிக்கும் முறை

புதிதாக எழுப்பிய டெபியன் சர்வர் ஒன்றுக்குள் நுழைந்து நெட்ஸ்டாட் என்று தட்டுகிறீர்கள். 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறது. சரி, நிறுவிக்கொள்ளலாம் என்று ஆப்ட் இன்ஸ்டால் நெட்ஸ்டாட் கொடுத்தால், அந்தப் பெயரில் பேக்கேஜே (நிரல்களைக் கட்டித் தரும் பொதி) இல்லை என்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரி ஆய்வகத்திலும் சரி, அலுவலகத்தில் முதல் வாரத்திலும் சரி, லினக்ஸ் பழகும் எவரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. நெட்ஸ்டாட், இஃப்கான்ஃபிக் இரண்டும் நெட்-டூல்ஸ் என்ற பேக்கேஜுக்குள் இருக்கின்றன. கில்ஆல் வேண்டுமா, பிஎஸ்மிஸ்க். பிடிஎஃப்டூடெக்ஸ்ட் வேண்டுமா, பாப்ளர்-யூடில்ஸ். இவற்றை மனப்பாடம் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். எந்தக் கோப்பு எந்த பேக்கேஜில் இருக்கிறது என்ற பட்டியலை ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் (டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகை) தானே வைத்திருக்கிறது. அதைக் கேட்கத் தெரிந்தால் போதும்.

இங்கே கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில் எல்லாவற்றையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறோம். கோடு, மேற்கோள், டாலர், நட்சத்திரம் ஆகிய குறிகளை அப்படியே போட வேண்டும்.

உண்மையிலேயே இல்லையா?

தேடுவதற்கு முன் அரை நிமிடம் இதற்குச் செலவிடுங்கள். நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் 'இல்லை' என்று சொல்வதற்குப் பொருள், பாத் என்ற மாறியில் எழுதியுள்ள ஃபோல்டர்களில் இல்லை என்பது மட்டுமே. டெபியனில் சாதாரணப் பயனரின் பாத்தில் /யூஎஸ்ஆர்/எஸ்பின் இருக்காது. எஃப்டிஸ்க், யூசர்மாட் போன்றவை அங்கேதான் இருக்கின்றன. 2019இல் வந்த டெபியன் 10 முதல், வெறும் 'எஸ்யூ' என்று ரூட்டாக (முழு உரிமை உள்ள பயனராக) மாறினாலும் பழைய பாத்தே தொடர்கிறது. 'எஸ்யூ -' என்று ஓர் இடைவெளியும் கோடும் சேர்த்தால்தான் ரூட்டின் பாத் கிடைக்கும். இது தெரியாமல், ஏற்கெனவே உள்ள பேக்கேஜைத் திரும்பத் திரும்ப நிறுவிப் பார்ப்பவர்கள் நிறையப் பேர்.

எல்எஸ் /யூஎஸ்ஆர்/எஸ்பின்/எஃப்டிஸ்க்

என்று பார்த்தாலே விடை தெரிந்துவிடும். பிழையின் எண்ணையும் கவனியுங்கள். கட்டளை தோற்ற உடனே 'எக்கோ $?' என்று கேட்டால், 127 என்பது நிரலைக் கண்டுபிடிக்கவில்லை என்று பொருள். 126 என்றால் கோப்பு இருக்கிறது, இயக்கத்தான் முடியவில்லை. பெரும்பாலும் அனுமதிச் சிக்கல்.

கோப்பு கண்ணெதிரே இருந்தும் 'நோ சச் ஃபைல்' என்று வந்தால் அது வேறு நோய். 64 பிட் கணினியில் 32 பிட் நிரலை இயக்கும்போது அதை ஏற்றும் லோடர் இல்லாவிட்டால் இப்படி வரும். விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்த ஸ்கிரிப்டின் முதல் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே பிழைதான். இந்த இரண்டுக்கும் அந்த நிரலின் பேக்கேஜைத் தேடிப் பயனில்லை.

இரண்டு பட்டியல்கள்

டெபியன், உபுண்டு இரண்டிலும் அடிக்கடி நடக்கும் குழப்பம் இதுதான்: டிபிகேஜி ஒரு பட்டியலைப் பார்க்கிறது, ஆப்ட்-ஃபைல் இன்னொன்றைப் பார்க்கிறது.

டிபிகேஜி -எஸ் '*/கில்ஆல்'

இங்கே எஸ் பெரிய எழுத்து. சிறிய எழுத்தாகத் தட்டினால் அது பேக்கேஜின் நிலையைக் கேட்கும் வேறொரு கட்டளையாகிவிடும். இது உங்கள் கணினியில் ஏற்கெனவே நிறுவப்பட்ட பேக்கேஜுகளை மட்டுமே தேடும். நிறுவாத நிரலை இதனிடம் கேட்டால் 'நோ பாத் ஃபவுண்ட்' என்றுதான் வரும். ஆனாலும் இது வீணல்ல. அலுவலகத்தில் இன்னொரு சர்வரில் அந்த நிரல் ஓடுகிறது என்றால், அங்கே போய் இதைக் கேளுங்கள். அதே டிஸ்ட்ரோ, அதே பதிப்பு என்றால் அந்த விடையை இங்கே அப்படியே பயன்படுத்தலாம்.

முழுப் பாதை கொடுக்காமல் '*/' என்று தொடங்கியதற்குக் காரணம் உண்டு. இன்றைய கணினிகளில் /பின் என்பது /யூஎஸ்ஆர்/பின்னைச் சுட்டும் இணைப்பு (சிம்லிங்க்) மட்டுமே. ஆனால் டெபியன் 12இல் எல்எஸ் நிரல் /பின்/எல்எஸ் என்றே பதிவாகியிருக்கிறது. விச் எல்எஸ் என்று கேட்டு, அது தரும் /யூஎஸ்ஆர்/பின்/எல்எஸ் பாதையை டிபிகேஜியிடம் கொடுத்தால் கைவிரித்துவிடும். நட்சத்திரம் போட்டால் இரண்டு பாதைகளும் அகப்படும்.

நிறுவாததைத் தேட ஆப்ட்-ஃபைல் வேண்டும். அது தானாக வருவதில்லை. எடுத்துக்காட்டாக டிக் என்ற நிரலைத் தேடுவோம். வரியின் முன்னால் உள்ள சூடோ, கட்டளையை ரூட் உரிமையோடு ஓட்டும்.

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஆப்ட்-ஃபைல்
சூடோ ஆப்ட்-ஃபைல் அப்டேட்
ஆப்ட்-ஃபைல் சர்ச் -எக்ஸ் '/டிக்$'

இரண்டாவது வரியை விட்டுவிட்டால் 'கேஷ் காலியாக இருக்கிறது' என்று பிழை வரும். களஞ்சியத்தில் (டிஸ்ட்ரோ தன் பேக்கேஜுகளை வைத்திருக்கும் இணையச் சேமிப்பு) உள்ள ஒவ்வொரு பேக்கேஜின் ஒவ்வொரு கோப்பின் பெயரும் அடங்கிய பட்டியல் அப்போதுதான் இறங்குகிறது. பட்டியல் பெரியது. கைப்பேசி டேட்டாவில் கணினியை இணைத்திருந்தால் வீட்டு வைஃபை கிடைக்கும்வரை பொறுப்பது நல்லது.

மூன்றாவது வரியில் -எக்ஸ், டாலர் இரண்டும் ஏன்? வெறுமனே 'ஆப்ட்-ஃபைல் சர்ச் டிக்' என்றால், பாதையில் எங்காவது டிக் என்ற மூன்று எழுத்துகள் அடுத்தடுத்து வரும் கோப்புகள் அத்தனையும் கொட்டும். டிஜிட், டிஜிட்டல் என்று எந்தப் பெயரிலும் அவை ஒளிந்திருக்கும். முன்னால் சாய்கோடும் பின்னால் டாலரும் போட்டால் கோப்பின் பெயர் சரியாக டிக் என்று இருப்பவை மட்டும் நிற்கும். அவற்றிலும் /யூஎஸ்ஆர்/ஷேர் என்று தொடங்குபவற்றை ஒதுக்கிவிடுங்கள். பின் அல்லது எஸ்பின் ஃபோல்டரில் உள்ளதுதான் இயங்கும் நிரல். இங்கே விடை பைண்ட்9-டிஎன்எஸ்யூடில்ஸ்.

'பின்/' என்று சேர்த்துத் தேடும் வழக்கம் பலருக்கு உண்டு. அதில் ஒரு சிறு பொறி இருக்கிறது. டெபியன் விளையாட்டு நிரல்களை /யூஎஸ்ஆர்/கேம்ஸ் ஃபோல்டரில் வைக்கிறது. பசு பேசுவதுபோல் எழுத்து வரையும் கவ்ஸே அங்கேதான் இருக்கிறது. 'பின்/கவ்ஸே' என்று தேடினால் கிடைக்காது.

பட்டியலில் இல்லாத நிரல்

என்சி என்ற நெட்கேட்டைத் தேடிப் பாருங்கள். எத்தனையோ பேர் பயன்படுத்தும் நிரல். ஆனால் '/என்சி$' என்று தேடினால் எதிர்பார்த்த விடை வராது. காரணம், நெட்கேட்-ஓபன்பிஎஸ்டி பேக்கேஜுக்குள் இருக்கும் கோப்பின் பெயர் என்சி.ஓபன்பிஎஸ்டி. நெட்கேட்-டிரெடிஷனல் பேக்கேஜில் அது என்சி.டிரெடிஷனல். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு நிரல்கள் மோதாமல் இருக்க டெபியன் செய்திருக்கும் ஏற்பாடு இது. என்சி என்ற பெயர், நிறுவும் நேரத்தில் அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் உண்டாக்கும் இணைப்பு மட்டுமே. பேக்கேஜுக்குள் இல்லாத பெயர் பட்டியலில் எப்படி வரும்? விஐ, ஆக் இரண்டும் இதே வகை. இப்படிச் சந்தேகம் வந்தால் டாலரை எடுத்துவிட்டு, பெயருக்குப் பின் ஒரு பின்சாய்கோடும் புள்ளியும் போட்டுத் தேடுங்கள்:

ஆப்ட்-ஃபைல் சர்ச் -எக்ஸ் '/என்சி\.'

அந்த நிரல் இருக்கும் சர்வர் ஒன்று கைவசம் இருந்தால் இன்னும் எளிது. 'ரீட்லிங்க் -எஃப் /யூஎஸ்ஆர்/பின்/என்சி' இணைப்பின் முடிவில் உள்ள உண்மையான கோப்பைக் காட்டும். அந்தப் பெயரை முன்சொன்ன நட்சத்திரத்தோடு டிபிகேஜியிடம் கொடுங்கள்.

இதற்கு நேர்மாறான வகையும் உண்டு. எஃப்டி என்ற தேடல் கருவியை எஃப்டி-ஃபைண்ட் என்ற பேக்கேஜில் நிறுவிய பிறகும், எஃப்டி என்று தட்டினால் வராது. வேறொரு நிரல் அந்தப் பெயரை முன்பே எடுத்துக்கொண்டதால் டெபியனில் அதன் பெயர் எஃப்டிஃபைண்ட். பேட் கருவி பேட்கேட் ஆனதும் அப்படித்தான். நிறுவிய பிறகு நிரல் என்ன பெயரில் வந்திருக்கிறது என்று பார்க்க:

டிபிகேஜி -எல் எஃப்டி-ஃபைண்ட்

இங்கே எல் பெரிய எழுத்து. அந்த பேக்கேஜ் கொண்டுவந்த எல்லாக் கோப்புகளும் வரிசையாக வரும்.

ஷெல் தானே சொல்லும் வசதி

உபுண்டுவில் இல்லாத நிரலைத் தட்டினால் 'இந்த பேக்கேஜை நிறுவுங்கள்' என்று பரிந்துரை வருமே, அதைச் செய்வது கமாண்ட்-நாட்-ஃபவுண்ட் என்ற தனி பேக்கேஜ். டெபியனிலும் நிறுவிக்கொள்ளலாம், நிறுவியதும் ஒருமுறை ஆப்ட் அப்டேட் ஓட்டி, புதிய டெர்மினல் திறக்க வேண்டும். வசதியானதுதான். ஆனால் நீங்கள் தட்டும் நிரலுக்கு மட்டுமே அது பேசும். ஸ்கிரிப்டுக்குள் நடக்கும் பிழைக்குப் பேசாது. டாக்கர் கன்டெய்னருக்குள் (நிரலைத் தனிப் பெட்டிபோல் பிரித்து ஓட்டும் சூழல்) அது இருக்கவே இருக்காது. கன்டெய்னருக்கு அச்சாக இருக்கும் இமேஜ்களில் ஆப்ட் பட்டியல்களையும் அழித்துவிட்டே தருவார்கள். அங்கே எதற்கும் முன்னால் ஆப்ட் அப்டேட் ஓட்டியாக வேண்டும். கன்டெய்னருக்குள் ஆப்ட்-ஃபைல் நிறுவி இமேஜைப் பெருக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அதே டிஸ்ட்ரோ பதிப்புள்ள கணினியில் தேடிவிட்டு, விடையை மட்டும் இமேஜைக் கட்டும் குறிப்பான டாக்கர்ஃபைலில் எழுதுங்கள்.

மற்ற டிஸ்ட்ரோக்கள்

ஃபெடோரா, ரெட் ஹேட், ராக்கி, அமேசான் லினக்ஸ் 2023 எல்லாவற்றிலும் டிஎன்எஃப் இருக்கிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம்:

டிஎன்எஃப் புரொவைட்ஸ் '*பின்/செமேனேஜ்'

விடை பாலிசிகோர்யூடில்ஸ்-பைத்தான்-யூடில்ஸ். அவ்வளவு நீளப் பெயரை யாரால் ஊகிக்க முடியும்! மேற்கோள் குறியை விடாதீர்கள். விட்டால் நட்சத்திரத்தை டிஎன்எஃபுக்கு அனுப்பாமல் ஷெல்லே விரிக்கப் பார்க்கும். இசட்-ஷெல்லில் 'நோ மேட்சஸ்' என்று அங்கேயே நின்றுவிடும். பாதை உறுதியாகத் தெரிந்தால் தேடாமலே நிறுவலாம்: சூடோ டிஎன்எஃப் இன்ஸ்டால் /யூஎஸ்ஆர்/பின்/டிக். அது பைண்ட்-யூடில்ஸைத் தானே எடுத்துக்கொள்ளும். ரெட் ஹேட்டில் எதைத் தேடினாலும் கிடைக்கவில்லை என்றால் அந்தச் சர்வர் சந்தாவில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவில்லாவிட்டால் களஞ்சியமே இல்லை. பதிவிருந்தும் கிடைக்காதது பெரும்பாலும் ஈபெல் என்ற கூடுதல் களஞ்சியத்தில் இருக்கும்.

ஆர்ச்சில் 'சூடோ பேக்மேன் -எஃப்ஒய்' என்று பட்டியலை இறக்கி, பிறகு 'பேக்மேன் -எஃப் டிக்' என்று கேளுங்கள். எஃப் பெரிய எழுத்து, ஒய் சிறிய எழுத்து. பேக்மேன் -எஸ்ஒய் புதுப்பிப்பது வேறு பட்டியலை. அதை ஓட்டியதால் இதுவும் புதிதாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். ஓபன்சூசேவில் சிஎன்எஃப் டிக்.

ஆல்பைனில் இதைவிட அழகான வழி உண்டு. அங்கே ஒவ்வொரு பேக்கேஜும் தான் தரும் கட்டளைகளைச் சிஎம்டி என்ற முன்னொட்டோடு அறிவிக்கிறது. 'ஏபிகே ஆட் சிஎம்டி:டிக்' என்றால் பேக்கேஜ் பெயரே தெரியாமல் நிறுவிவிடலாம்.

பட்டியல் இறங்காதபோது

அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸின் சிங்கப்பூர் மண்டலத்தில் உள்ள உபுண்டு சர்வர்கள் 'ஏபி-சவுத்ஈஸ்ட்-1' என்று தொடங்கும் அருகிலுள்ள மிரரிலிருந்து (களஞ்சியத்தின் நகல்) எடுக்கின்றன. இணைப்பு இருந்தால் வேகமாகவே வரும். தனியார் சப்நெட்டில் (உள்வலைப் பகுதி) நேட் கேட்வே (அங்கிருந்து இணையத்துக்குப் போகும் வாசல்) இல்லாமல் வைத்த சர்வருக்கு அந்த மிரரை எட்ட வழியில்லை. ஆப்ட் அப்டேட் நெடுநேரம் காத்திருந்து தோற்கும். அது வலையமைப்பின் சிக்கல், ஆப்ட்-ஃபைலை மறுபடி நிறுவித் தீராது.

அலுவலக வலையில் ப்ராக்ஸி (இணையத் தொடர்பை நடுவில் நின்று கடத்தும் சர்வர்) இருந்தால் இன்னொன்று. உங்கள் ஷெல்லில் எச்டிடிபி ப்ராக்ஸி மாறியை வைத்திருந்தாலும் சூடோ அதை வழக்கமாகக் கடத்துவதில்லை. பிரவுசர் திறக்கும், ஆப்ட் திறக்காது. ப்ராக்ஸி முகவரியை /ஈடிசி/ஆப்ட்/ஆப்ட்.கான்ஃப்.டி ஃபோல்டரில் ஒரு கோப்பாக எழுதிவைத்தால் சரியாகும்.

இணைப்பே இல்லாத சர்வருக்குத் தேடுகிறீர்களா? வேறு கணினியில் பேக்கேஜஸ்.டெபியன்.ஆர்க் அல்லது பேக்கேஜஸ்.உபுண்டு.காம் தளத்தைத் திறந்து, பேக்கேஜின் உள்ளடக்கத்தைத் தேடும் கட்டத்தில் நிரலின் பெயரைக் கொடுங்கள். பதிப்பைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். உபுண்டு 22.04 சர்வருக்கு 24.04இன் விடையை எடுத்தால் பெயர் மாறியிருக்கலாம்.

ஒன்றுக்கு மேல் விடை வந்தால்

பெயர் ஒன்றாக இருப்பதால் நிரலும் ஒன்றே என்று கொள்ளாதீர்கள். டெபியனில் எம்கேபாஸ்வேர்ட் நிரல், எவரும் ஊகிக்காத ஹூஇஸ் பேக்கேஜில் இருக்கிறது; அது கடவுச்சொல்லை ஹாஷ் (மூலத்தைத் திரும்பப் பெற முடியாத குறியீடு) ஆக்கித் தரும். எக்ஸ்பெக்ட் கருவியோடு அதே பெயரில் வரும் சிறு நிரல் புதிய கடவுச்சொல்லை உருவாக்கும். இரண்டும் வேறு வேலை. 'ஆப்ட் ஷோ' கொடுத்து விவரத்தைப் படியுங்கள். 'ஆப்ட் இன்ஸ்டால் -எஸ்', இம்முறை சிறிய எஸ், எதையும் நிறுவாமல் என்னென்ன வரும் என்று மட்டும் காட்டும். ஒரு சிறு கருவிக்காக ஐம்பது பேக்கேஜ் வரிசையில் நின்றால் '--நோ-இன்ஸ்டால்-ரெகமண்ட்ஸ்' சேர்த்துப் பாருங்கள்.

எந்தப் பட்டியலிலும் இல்லை என்றால் அது பிப், என்பிஎம், கார்கோ (முறையே பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், ரஸ்ட் மொழிகளின் பேக்கேஜ் கருவிகள்) வழியாக வரும் கருவியாக இருக்கலாம். அங்கே பெயரை ஊகித்து நிறுவவே கூடாது. எவரும் எந்தப் பெயரிலும் பதிவேற்றக்கூடிய இடங்கள் அவை. பிரபலமான பெயரில் ஓர் எழுத்தை மாற்றித் தீங்கான நிரலை வைப்பது தொடர்ந்து நடக்கிறது. கருவியின் சொந்தத் தளத்தில் உள்ள நிறுவும் வரியைப் பார்த்தே தட்டுங்கள்.

சூடோ உரிமை இல்லாத கணினியிலும் ஒரு வழி இருக்கிறது. விடை தெரிந்ததும்,

ஆப்ட் டவுன்லோட் பிஎஸ்மிஸ்க்
டிபிகேஜி -எக்ஸ் பிஎஸ்மிஸ்க்*.டெப் ~/கருவி

என்று சிறிய எக்ஸ் போட்டால், பேக்கேஜ் உங்கள் சொந்த ஃபோல்டருக்குள் விரியும். ஃபோல்டருக்கு உங்கள் விருப்பம்போல் பெயர் வையுங்கள். உள்ளே யூஎஸ்ஆர்/பின்னில் உள்ள நிரலை முழுப் பாதையோடு இயக்கலாம். ஓடவில்லை என்றால் 'எல்டிடி' கட்டளையை அதன்மீது ஓட்டுங்கள். 'நாட் ஃபவுண்ட்' என்று எந்த லைப்ரரிக்கு (நிரலுக்குத் தேவையான துணைக் கோப்பு) எதிரே வருகிறதோ, அந்தக் கோப்பின் பெயரை எடுத்து மேலே சொன்ன அதே தேடலை மறுபடி செய்யுங்கள்.