போன் ஒன்று, அட்டை முப்பது: வகுப்பறையில் பிளிக்கர்ஸ்

வகுப்பில் கணினி விளையாட்டு என்றதும் பலரும் கஹூட் என்ற வினாடி வினாவைத்தான் சொல்வார்கள். நல்ல விளையாட்டுதான். ஆனால் குழுவுக்கு ஒரு போனாவது இருந்தால்தான் அது நடக்கும். ஆசிரியரிடம் மட்டுமே போன் உண்டு என்றால் பிளிக்கர்ஸ் என்ற செயலி வசதியானது. பிள்ளைகள் காகித அட்டையைத் தூக்கிப் பிடிப்பார்கள், உங்கள் போன் கேமரா அவர்கள் பதிலைப் படித்துவிடும்.

படி 1: கணக்கு

பிளிக்கர்ஸ் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, ஒரு வகுப்பை உருவாக்கிப் பட்டியலை ஏற்றுங்கள். ஆளுக்கொரு அட்டை எண் கிடைக்கும். போனிலும் செயலியை நிறுவி அதே கணக்கில் நுழையுங்கள். முழுப் பெயர் தேவையில்லை, வருகைப் பதிவேட்டு எண்ணே போதும். பிள்ளைகளின் விவரத்தை வெளித் தளங்களில் எவ்வளவு குறைவாக ஏற்றுகிறோமோ அவ்வளவு நல்லது.

படி 2: அட்டை

அட்டைகளை அதே தளத்திலிருந்து இறக்கிக் கெட்டித் தாளில் அச்சடியுங்கள். லேமினேட் செய்யத் தோன்றும், வேண்டாம். டியூப்லைட் பட்டு மின்னினால் கேமரா தடுமாறும்.

அட்டை நடுவில் ஒரு கறுப்பு உருவம், நாலு பக்கமும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. தன் பதிலுக்குரிய எழுத்து மேலே வரும்படி பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். உருவம் அட்டைக்கு அட்டை மாறும் என்பதால், பக்கத்துப் பையனைப் பார்த்து அதே மாதிரி திருப்பினாலும் பலிக்காது. தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களே என்று வாயே திறக்காத பிள்ளைகூட அட்டையைத் தூக்கும்.

படி 3: கேள்வி

உங்கள் நேரம் முழுவதையும் இங்கே போடுங்கள். பத்து நிமிடத்துக்கு நாலைந்து கேள்வி தாராளம். சரியான விடையை எழுதுவது சுலபம், தவறான மூன்றில்தான் சூட்சுமம் இருக்கிறது.

1/2 + 1/3 எவ்வளவு? விடை 5/6. மற்ற மூன்றுக்கும் வாயில் வந்த எண்ணைப் போடாதீர்கள். 2/5 வையுங்கள்: மேலே மேலே, கீழே கீழே கூட்டுகிறவர்கள் அங்கே போய் நிற்பார்கள். 1/5 வையுங்கள்: பகுதியை மட்டும் கூட்டிவிட்டுத் தொகுதியை அப்படியே விட்டவர்கள். 1/6, கூட்டலுக்குப் பதில் பெருக்கியவர்கள். இப்போது ஒவ்வொரு தவறும் என்ன குழப்பம் என்று காட்டிக் கொடுத்துவிடும்.

தசமத்திலும் இப்படித்தான். 0.5, 0.35, 0.125 மூன்றில் எது பெரியது என்று கேளுங்கள். 125 பெரிய எண்தானே என்று 0.125-ஐத் தேர்ந்தெடுக்கச் சிலர் நிச்சயம் இருப்பார்கள்.

படி 4: ஆட்டம்

கேள்வியைப் புரொஜெக்டரில் காட்டுங்கள். அது இல்லையா, கரும்பலகையில் எழுதுங்கள். செயலியில் ஸ்கேன் பொத்தானைத் தட்டி, போனை வகுப்பின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். யாருடைய பதிலாவது பதிவாகவில்லை என்றால், பெரும்பாலும் விரல் கறுப்பு உருவத்தை மறைத்திருக்கும்.

எல்லாரும் சரியாகச் சொல்லிவிட்டால் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். பதில்கள் பிரிந்து கிடந்தால் விடையைச் சொல்லாதீர்கள். “உன் பதில் ஏன் சரின்னு பக்கத்துல இருக்கறவங்களுக்குச் சொல்லு” என்று இரண்டு நிமிடம் விட்டு, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். இதற்காகவே ஒவ்வொரு கேள்வியையும் தளத்தில் ஏற்றும் கேள்வித் தொகுப்பில் இரண்டு முறை சேர்த்து வைப்பது நல்லது. ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறை இது. பள்ளிக்கும் கச்சிதமாகப் பொருந்தும்.

வரிசைக்கு ஒரு அணி. மதிப்பெண் இரண்டாவது ஸ்கேனுக்கு மட்டும், அதுவும் அணியில் எத்தனை பேர் சரியோ அத்தனை. அப்போதுதான் தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்கு விளக்கியே தீரும். முதலில் பதில் சொன்னவருக்குப் பரிசு என்று வைத்தால் வேகமானவர்கள் நாலு பேர் விளையாடுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

படி 5: மறுநாள்

யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது கணக்கில் பதிவாகியிருக்கும். முதல் ஸ்கேனைத் திறந்து, 2/5 சொன்னவர்களை மட்டும் ஒன்றாக உட்காரவைத்து ஒரே அளவுள்ள இரண்டு காகிதப் பட்டைகளைக் கொடுங்கள். ஒன்றைப் பாதியாகவும் மற்றதை மூன்றாகவும் மடிக்கட்டும். பாதியோடு இன்னொரு துண்டு சேர்த்த பிறகு, பாதியைவிடச் சிறிய 2/5 எப்படி வரும் என்று கேளுங்கள்.