வரும் அழைப்புக்கெல்லாம் தலையசைக்கும் முன்

தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வாழ்ந்த காலத்தில் கோயில், பள்ளி, கல்யாண வீடு, சாவு வீடு எல்லாமே நடந்து போகும் தொலைவில் இருந்தன. காலைக் குளிர்ச்சியில்தான் ரப்பர் பால் நன்றாக இறங்கும் என்பதால் விடியும் முன்பே பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு நடந்தது. பிற்பகலுக்குள் வெட்டு வேலை முடிந்து, மாலைப்பொழுது ஊருக்கென்று மிஞ்சியது. இன்று மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் பலர் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபெயர்ந்து, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஈப்போவில் ஷிப்டு வேலை பார்க்கிறார்கள். வேலை நேரமும் தொலைவும் மாறிவிட்டன. ஊர்க் கடமைகளின் பட்டியல் மட்டும் லயத்துக் காலத்து நீளத்திலேயே இருக்கிறது. ஆகவே, எல்லாவற்றுக்கும் போக முடியவில்லையே என்று வருந்துவோர் முதலில் தங்கள் வாரத்தைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

வாரத்துக்கு 168 மணி நேரம். 2023 ஜனவரி 1 முதல் சட்டப்படி வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 45 மணி. தூக்கத்துக்கு 49, ஆறு நாள் போக்குவரத்துக்கு 9, சமையல், துணி, சந்தை ஆகியவற்றுக்கு 21, ஓவர்டைம் செய்பவராக இருந்தால் மேலும் 12 என்று கழித்தால் மிஞ்சுவது 32 மணி நேரம். பிள்ளைகளின் படிப்பையும் வயதான பெற்றோரின் கிளினிக் நாள்களையும் இன்னும் கழிக்கவில்லை. அந்த 32-இலும் ஞாயிறு காலை ஒன்பது மணியும் வேலை முடிந்து வந்த இரவு ஒன்பது மணியும் ஒன்றல்ல. தெம்பு உள்ள மணிகளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானோருக்கு அவை பத்தைத் தாண்டுவதில்லை என்பது நான் பார்த்த அளவில் உண்மை.

அடுத்து, ஒவ்வொரு பொறுப்பின் முழு நீளத்தையும் அளக்க வேண்டும். நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான், ஏனெனில் நான் சறுக்கியதும் இங்கேதான். கோயில் குழுவில் செயலாளர் பொறுப்பை ஏற்றபோது பத்து நாள் திருவிழாவை மட்டுமே மனத்தில் வைத்திருந்தேன். ஆனால் 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி, பதிவுபெற்ற சங்கம் ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் தன் ஆண்டறிக்கையையும் கணக்கையும் பதிவகத்துக்கு அனுப்பியாக வேண்டும். நன்கொடை ரசீதுகளைச் சரிபார்ப்பது, கூட்டக் குறிப்பு எழுதுவது, வாட்சாப் குழுவில் நள்ளிரவில் எழும் சச்சரவுகளைத் தணிப்பது என்று அந்தப் பத்து நாள் ஆண்டு முழுவதும் நீண்டது. எந்தப் பொறுப்பையும் ஏற்கும் முன், அதை இதற்கு முன் வகித்தவரின் வீட்டுக்குப் போய், விழா முடிந்த பிறகு என்னென்ன வேலை இருந்தது என்று கேளுங்கள்.

பிறகு, நீங்கள் போகாவிட்டால் குறை யாருக்கு என்று பாருங்கள். சாவு வீட்டுக்கு உங்களுக்குப் பதில் இன்னொருவர் போக முடியாது; அரை மணி நேரமாவது போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். தூரத்து உறவினர் கல்யாணத்துக்கு மொய்யைக் கொடுத்தனுப்பி, பின்னொரு நாள் வீட்டுக்குப் போய் மணமக்களைப் பார்க்கலாம். பள்ளியில் நடக்கும் கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுப் பணிக்கு வேண்டியது கைகள். அவை உங்கள் கைகளாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

பணமும் சேர்ந்த பொறுப்பாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. கூட்டு எனும் சீட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதற்கு 1971-ஆம் ஆண்டிலிருந்தே தடைச் சட்டம் இருக்கிறது. தெரிந்த அக்காதான் நடத்துகிறார் என்பதற்காக அதில் சேர்ந்து, மாதா மாதம் தவணையை வசூலித்துத் தரும் வேலையையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். சிறுகச் சேர்வது எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் தவித்தபோது, எங்கள் ஊரைச் சேர்ந்தவரும் அமைச்சராக இருந்தவருமான துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், அவர்கள் கட்டிய சிறு தொகைகளைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது. கொடுத்தது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

மறுப்பதென்று முடிவானால் "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்டவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, கடைசி வாரத்தில் ஆளின்றித் தவிப்பார். "அண்ணே, இந்த வருஷம் குழுவுல நிக்க முடியாது. ஆனா தீமிதி அன்னிக்குக் காலையில ஆறுலேருந்து பத்து வரைக்கும் தண்ணீர்ப் பந்தலைப் பார்த்துக்கிறேன்" என்று நேரில், முன்கூட்டியே சொல்லுங்கள். அளவு தெரிந்த சிறிய உதவியைப் பெரியவர்கள் குறைவாக நினைப்பதில்லை.

ஏற்கெனவே வகிக்கும் பொறுப்பிலிருந்து விலக ஆண்டுக் கூட்டமே ஏற்ற வேளை. திருவிழாவுக்கு நடுவில் விலகினால் உங்கள் சுமை வேறொருவர் தலையில் விழும். கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே தலைவரிடம் தெரிவித்துவிட்டு, ரசீதுப் புத்தகங்கள், வங்கிக் கணக்கு விவரம், சாவிக்கொத்து ஆகியவற்றைப் பட்டியலிட்டு, புதியவரிடம் கையொப்பம் வாங்கி ஒப்படையுங்கள்.