படத்தில் பகுதி தேர்வு: பிழைச் செய்தி காட்டாத தவறுகள்

நுண்ணோக்கிப் படத்தின் மேல் மவுஸால் ஒரு பெட்டி வரைந்து, அதற்குள் அடங்கும் பிக்சல்களின் சராசரியைப் பெறும் வசதியை ஆய்வக மென்பொருளில் சேர்ப்பது ஒரு பிற்பகல் வேலையாகத்தான் தோன்றும். பைத்தானின் மேட்பிளாட்லிப் நூலகத்தில் செவ்வகத்துக்கும் பலகோணத்துக்கும் தேர்வுக் கருவிகள் தயாராகவே உள்ளன. பெட்டி வரும், எண்ணும் வரும். அந்த எண் பயனர் வரைந்த இடத்துக்கு உரியதுதானா என்பதில்தான் சிக்கல். ஏனெனில் இங்கு நேரும் தவறுகளில் பெரும்பாலானவை சத்தமில்லாமல் தவறான விடையைத் தருபவை.

மிகப் பரவலானது அச்சுகள் இடம் மாறுவது. மவுஸ் முதலில் கிடைநிலையையும் பிறகு நெடுநிலையையும் சொல்கிறது. படத்தின் பிக்சல்களைத் தாங்கும் நம்பை (பைத்தானின் எண் கணக்கு நூலகம்) அணியோ முதலில் நிரையையும் பிறகு நிரலையும் கேட்கிறது. போதாக்குறைக்கு, பைக்யூட்டிகிராஃப் என்ற மற்றொரு வரைவு நூலகம் தன் இயல்பு அமைப்பில் அணியின் முதல் அச்சையே கிடையாகக் கொள்கிறது. 2048×2048 கேமராவின் படம் சதுரமாக இருப்பதால், அச்சுகள் மாறினாலும் எந்த எல்லையும் மீறப்படுவதில்லை; தவறு மாதக்கணக்கில் ஒளிந்திருக்கலாம். ஆகவே 1024 நிரைகளும் 1280 நிரல்களும் கொண்ட, முழுவதும் 0 நிரம்பிய செயற்கைப் படம் ஒன்றில், நிரை 100, நிரல் 700 என்ற ஒரே பிக்சலுக்கு மட்டும் 5000 என்ற மதிப்பைக் கொடுத்து, திரையில் தெரியும் அந்தப் புள்ளியைச் சுற்றிப் பெட்டி வரைந்து, உச்ச மதிப்பு 5000 வருகிறதா என்று பார்ப்பது நல்லது. இந்தச் சோதனையை எழுதப் பத்து நிமிடம் போதும்.

அடுத்தது, திரைப் பிம்பத்தையே தரவு என்று எடுத்துக்கொள்வது. 16 பிட் படத்தில் 400 முதல் 3000 வரையுள்ள மதிப்புகளை 8 பிட்டுக்கு (0 முதல் 255 வரை) விரித்துக் காட்டும்போது, 3000 உள்ள பிக்சலும் 12000 உள்ள பிக்சலும் ஒரே 255 ஆகிவிடுகின்றன. அந்தப் பிம்பத்திலிருந்து சராசரி எடுத்தால், பயனர் பொலிவை நகர்த்தும்போதெல்லாம் அளவீடும் நகரும். அளவீடு எப்போதும் மூல அணியிலிருந்தே வர வேண்டும்.

ஓரங்களிலும் கவனம் தேவை. மவுஸை அழுத்திய புள்ளியையும் விட்ட புள்ளியையும் அப்படியே அணியிலிருந்து பகுதியை வெட்டியெடுக்கும் எல்லைகளாகப் பயன்படுத்தினால், வலமிருந்து இடமாக இழுக்கும் பயனருக்கு வெற்று அணியும் அதன் சராசரியாக ‘எண் அல்ல’ என்ற விடையும் கிடைக்கும். அதையாவது கண்டுகொள்ளலாம். பெட்டி படத்தின் இடப்புறம் முழுவதுமாக வெளியேறி, எல்லைகள் −20, −5 என்றாகும்போது நம்பை அதைத் தவறாகக் கருதுவதில்லை. எதிர் ஓரத்திலிருந்து எண்ணி, வலப்பக்கப் பிக்சல்களை எடுத்துக் கொடுக்கிறது. எனவே முதலில் எல்லைகளை வரிசைப்படுத்தி, பிறகு படத்தின் அளவுக்குள் கத்தரித்து, அதற்குப் பின்னரே வெட்ட வேண்டும்.

அரை பிக்சல் பிழை இதைவிட நுட்பமானது. மேட்பிளாட்லிப்பின் இயல்பான படக்காட்சியில் முழு எண் பிக்சலின் மையத்தைக் குறிக்கிறது. இமேஜ்ஜே என்ற பட ஆய்வு மென்பொருளில் பரப்புத் தேர்வுகளுக்கு அது பிக்சலின் மேல் இடது மூலை. முன்னதில் 10.7 என்பது 11 என்ற எண்ணுள்ள பிக்சலுக்குள் விழுகிறது. தசமத்தை வெறுமனே வெட்டினால் 10 ஆகிவிடும். 200 பிக்சல் அகலப் பெட்டியில் இது பொருட்டில்லை. 5 பிக்சல் அகலமுள்ள ஒளிர்மணியை அளப்பவருக்கோ ஐந்தில் ஒரு நிரல் தவறானது.

மவுஸ் நகரும் ஒவ்வொரு கணமும் முழுக் கணக்கையும் ஓட்டத் தேவையில்லை; இழுப்பு முடிந்த பிறகு ஒருமுறை போதும். தேர்வுக் கருவியை ஒரு மாறியில் பிடித்து வைக்காவிட்டால் பைத்தான் அதை நினைவகத்திலிருந்து நீக்கிவிடக்கூடும். பெட்டி திடீரென மவுஸுக்கு அசையாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, சராசரியை மட்டும் சிஎஸ்வி கோப்பில் எழுதிவிட்டுப் பெட்டியைத் தூக்கி எறிவது. மறுநாள் அதே இடத்தை மீண்டும் அளக்க வழியிராது. பகுதியின் எல்லைகளையும், எந்தப் படத்தில் வரையப்பட்டது என்பதையும், அப்போதிருந்த பின்னிங் (அடுத்தடுத்த பிக்சல்களை ஒன்றாகச் சேர்ப்பது) அளவையும் சேர்த்தே சேமிக்க வேண்டும். 2×2 பின்னிங்கில் எடுத்த படத்தின் மேல் முழுத் தெளிவுப் படத்தின் எல்லைகளை ஏற்றினால், பெட்டி இருமடங்கு தொலைவில் போய் உட்காரும்.