வெளிநாட்டிலிருந்து வேலூர்ப் பக்கம் பிள்ளைகளோடு வருகிறீர்களா? அவர்களை மண்ணில் விடுவதற்கான வழிகாட்டி

மூன்று வார விடுமுறையில் திருப்பதி, காஞ்சிபுரம், மகாபலிபுரம், ஏலகிரி என்று நாளுக்கு ஓர் ஊராகப் போட்டால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது கார் சீட்டுதான். ஒரே கிராமத்தில் பத்து நாளாவது சேர்ந்தாற்போல் தங்குங்கள். முதல் மூன்று நாள் தூக்கக் கணக்கு மாறுவதிலும் வெயிலுக்குப் பழகுவதிலும் போய்விடும். நான்காம் நாள்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் வந்து நிற்பார்கள். அந்தச் சமயத்தில் ஊரைவிட்டுக் கிளம்பினால் வந்த காரியமே கெடும்.

எப்போது வருவது

ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது ஆகாது. வேறு வழியில்லாமல் அப்போதுதான் வரமுடியும் என்றால் விளையாட்டை காலை 6 முதல் 9 வரை, மாலை 5-க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகலில் திண்ணையும் புளியமரத்து நிழலும் போதும். அந்த வெயிலுக்குப் பரிசாக நுங்கும் மாம்பழமும் கிடைக்கும்.

ஜூலை, ஆகஸ்டில் வருபவர்களே அதிகம். பகலில் புழுக்கம் இருக்கும், மாலையில் இடியோடு மழை வரும். நாவற்பழம் விழும், பனம்பழம் பழுக்கத் தொடங்கும், ஆகஸ்ட் கடைசியில் மலையடிவாரத்துச் சீத்தாப்பழமும் வந்துவிடும். ஆனால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடக்கும் மாதங்கள் இவை. ஆட்டத்துக்குத் துணை வேண்டுமென்றால் மாலையும் ஞாயிற்றுக்கிழமையும்தான்.

எங்களைக் கேட்டால் டிசம்பர் கடைசி முதல் பொங்கல் வரைதான் சரியான காலம். நல்ல மழை பெய்த ஆண்டென்றால் ஏரிகளில் தண்ணீர் நிற்கும். பனங்கிழங்கு, இலந்தைப்பழம், கரும்பு எல்லாம் ஒன்றாக வரும். அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் இருப்பதால் தெருவில் பிள்ளைகளும் இருப்பார்கள். பொங்கலை ஒட்டி நடக்கும் எருது விடும் விழாவை மட்டும் மாடி மேலிருந்து காட்டுங்கள். காளை ஓடும் தெருவில், தடுப்புக்கு வெளியே என்றாலும், சின்னப் பிள்ளையோடு நிற்காதீர்கள்.

ஆட்டத்தில் சேர்ப்பது

பெரியவர்கள் போய், “இவனையும் சேத்துக்கங்கப்பா” என்று சொன்னால் சேர்ப்பார்கள். நீங்கள் திரும்பியதும் ஒதுக்கிவிடுவார்கள். பிள்ளையே போய், “அண்ணா, நானும் ஆட்டத்துக்கு வரட்டா?” என்று கேட்கட்டும். அந்த ஒரு வரியை வெளிநாட்டிலிருந்து கிளம்பும் முன்பே பழக்குங்கள். முதல் இரண்டு நாள் ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகத்தான் வைப்பார்கள்: ஓடலாம், பிடிக்கலாம், அவுட் கிடையாது. இதை அவமானமாக நினைக்க வேண்டாம். புதிதாய் வந்தவரைப் பழக்க நம் பிள்ளைகள் வைத்திருக்கும் நல்ல ஏற்பாடு அது. விலை உயர்ந்த பொம்மையையும் ஃபோனையும் தெருவுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். கூட்டம் பொம்மையைச் சுற்றி நின்றுவிடும், ஆட்டம் நடக்காது. ஒரு நல்ல ரப்பர் பந்து போதும்.

பம்பரம், கில்லி, நுங்கு வண்டி

பம்பரம் வாங்கும்போது ஆணியைப் பாருங்கள். மரத்தின் நடுவில் நேராக இறங்கியிருக்க வேண்டும். கோணலாக இருந்தால் எப்படி விட்டாலும் துள்ளித் துள்ளிச் சாயும். சாட்டை பருத்திக் கயிறாக, ஒரு மீட்டருக்குச் சற்று கூடுதலாக இருக்கட்டும். நைலான் கயிறு வழுக்கும். ஒரு முனையில் முடிச்சுப் போட்டு அதை விரலிடுக்கில் பிடித்துக்கொள்ள வேண்டும். மறுமுனையை ஆணியோடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி, பிறகு உடம்பில் இடைவெளி விடாமல் மேலே ஏற்றிக்கொண்டு போகவேண்டும். புதிதாகக் கற்கும் பிள்ளை ஆணி கீழ்நோக்கி இருக்கப் பிடித்து, முழங்கால் உயரத்திலிருந்து முன்னால் எறிந்து, கயிறு முழுவதும் அவிழும் நேரத்தில் கையைப் பின்னுக்குச் சுண்ட வேண்டும். முந்திச் சுண்டினால் பம்பரம் படுத்துவிடும். சுற்று தளர்ந்திருந்தாலும் அதே கதைதான். கயிற்றைச் சற்று ஈரமாக்கினால் பிடிப்பு கிடைக்கும். சிமென்ட் தரையும் வேண்டாம், மணலும் வேண்டாம். காய்ந்து இறுகிய மண் தரைதான் பம்பரத்துக்கு ஏற்றது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு மூன்று மாலையில் கை வந்துவிடும்.

கில்லிக்கு வேம்பு அல்லது கொய்யாக் கிளை நல்லது. கில்லி நான்கு விரல் நீளம், இரு முனையும் சீவியது. தாண்டு ஒன்றரை அடி. கண்ணில் பட்டால் பார்வையே போகும், ஆகவே வேடிக்கை பார்க்கும் சின்னவர்கள் அடிப்பவருக்குப் பின்னால், பத்துப் பன்னிரண்டு அடி தள்ளித்தான் நிற்க வேண்டும்.

நுங்கு வண்டி கோடையில் வருபவர்களுக்கு. நுங்கு தின்ற பிறகு மிஞ்சும் முழுக் கூடு இரண்டு, ஏறக்குறைய ஒரே அளவில் வேண்டும். மேல்பக்கத்தை மட்டும் சீவித்தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், துண்டு துண்டாக வெட்டிய கூடு உதவாது. ஒரு அடிக் குச்சியை அச்சாக இரண்டின் நடுவிலும் குத்தி, மூன்றடிக் கவட்டைக் குச்சியால் அச்சைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டியதுதான். அன்றன்றைக்குச் செய்வதே சரி. வைத்திருந்தால் கூடு காய்ந்து அச்சு ஆடும்.

உட்கார்ந்து பார்க்க வேண்டியவை

மாட்டுக் கொட்டகை ஓரம், கோயில் மதில் அடி, தாழ்வாரம் என்று மழை படாத பொடிமண் உள்ள இடங்களில் ஒரு ரூபாய் நாணய அளவில் கூம்புக் குழிகள் இருக்கும். அடியில் குழியானை உட்கார்ந்திருக்கும். ஓர் எறும்பு விளிம்பில் சறுக்கினால் கீழிருந்து மண்ணை வாரி இறைத்து அதை விழவைக்கும். குழிக்குக் கீழே கையை விட்டு மண்ணோடு அள்ளி உள்ளங்கையில் பரப்புங்கள். சாம்பல் நிறத்தில் உளுந்தை விடச் சற்றுப் பெரியதாக ஒன்று பின்னோக்கியே நகரும். திரும்ப மண்ணில் விட்டால் நொடியில் பின்பக்கமாகப் புதைந்துவிடும். அது வளர்ந்தால் தட்டானைப் போலச் சிறகு முளைத்துப் பறக்கும். ஐந்து வயதுப் பிள்ளையை அரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார வைக்க இதைவிட நல்லது எதுவும் எங்களுக்குத் தெரியாது.

வேலியில் காட்டாமணக்கு இருந்தால் இலைக்காம்பை முழுதும் ஒடிக்காமல் மடக்கி விரித்தால், இடையில் பால் படலமாக நிற்கும். மெல்ல ஊதினால் குமிழி பறக்கும். உதடு படக்கூடாது, கண்ணில் படக்கூடாது, துணியில் பட்டால் கறை போகாது. அதன் கொட்டையைப் பருப்பென்று நினைத்துத் தின்றால் வாந்தியும் பேதியும் பிடுங்கும். ஆகவே காய் இல்லாத செடியில் காட்டுவதே மேல்.

தண்ணீர்

பம்புசெட் தொட்டியில் குளிப்பது பிள்ளைகள் மறக்காத சந்தோஷம். தொட்டித் தண்ணீர் பிள்ளையின் மார்புக்கு மேல் போகக்கூடாது. ஈரக் கையோடு ஸ்டார்ட்டர் பெட்டி அருகே யாரும் போகக்கூடாது. மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் நிலத்துக்காரர் வேலை. கிணறு வேறு விஷயம். இந்தப் பக்கத்துக் கிணறுகள் அகலமானவை, ஆழமானவை, உள்ளே பாறை நீட்டிக்கொண்டிருக்கும், நீர்மட்டம் வாரத்துக்கு வாரம் மாறும். நீச்சல் குளத்தில் பதக்கம் வாங்கிய பிள்ளையானாலும் மேலிருந்து குதிக்க விடாதீர்கள்.

ஏரியில் கரைமேல் நடப்பது, மதகைப் பார்ப்பது, கலங்கல் வழிந்தால் அதைப் பார்ப்பது, கொக்கும் நாரையும் எண்ணுவது இதெல்லாம் சரி. இறங்கக்கூடாது. மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் தெரியாமல் கிடக்கும். பெரிய ஏரி பார்க்க வேண்டுமென்றால் ராணிப்பேட்டை மாவட்டத்துக் காவேரிப்பாக்கம் ஏரிக்குக் காலையில் போங்கள். பாலாறு பெரும்பாலும் மணல்தான், விளையாட நல்லது, ஆனால் இங்கும் பள்ளத்தைப் பார்த்து விடுங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தேங்கி நிற்கும் ஆற்றுநீரில் கால்கூட வைக்கவேண்டாம். தோல் பதனிடும் கழிவு கலந்ததற்காக உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்ன ஆறு இது.

மலைக்கு ஒரு நாள்

ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம், 14 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு நிறையச் சாப்பிட்டு ஏறினால் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். படகுத்துறைக் கூட்டத்தை விட்டுவிட்டு சுவாமிமலைப் பாதையில் காலையிலேயே ஏறுங்கள். ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. பார்வையாளரை விடும் நாளையும் நேரத்தையும் முன்பே விசாரித்துப் போங்கள். மழை மாதங்களில் மேகம் மூடிவிடும், ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும்.

அடிபட்டால், கடிபட்டால்

சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறும். வீட்டு வாசலில் வெறுங்காலோடு விடலாம், வயலுக்கும் ஏரிக்கும் தடித்த அடியுள்ள ஷூ வேண்டும். வெயிலில் வாடினால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து மெல்ல மெல்லக் கொடுங்கள். அளவு கூடக்கூடாது. கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ் பொட்டலம் இன்னும் நல்லது.

நாய் கடித்தாலும் பிறாண்டினாலும் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசி போடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் தடவாதீர்கள். ஊசி பல தவணை. பாதியில் விமானம் ஏறவேண்டி வந்தால் தேதி எழுதிய சீட்டைக் கையோடு எடுத்துப்போய் அங்கே மீதியைப் போடுங்கள். புறப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் நாய்க்கடிக்கான முன்தடுப்பு ஊசி பற்றிக் கேட்பது நல்லது.

பாம்பு கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இலவசம். வேலூருக்கு அருகில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நகரத்தில் சி.எம்.சி.யும் உள்ளன. கட்டுவிரியன் இரவில், தரையில் தூங்குபவர்களைக் கடிப்பது அதிகம். கடித்த இடம் வலிக்காமலும் வீங்காமலும்கூட இருக்கும். பிள்ளைகளைக் கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிப் படுக்கவையுங்கள். கொல்லைக்குப் போக டார்ச்சு தலைமாட்டிலேயே இருக்கட்டும்.

திரும்பும்போது பம்பரத்தைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள், ஆணி இருப்பதால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடக்கூடும். விதையும் மண்ணும் பழமும் வேண்டாம், பல நாடுகளில் அபராதம் போடுவார்கள்.